யாரு வலதுங்க, டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். (என் பழைய பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கண்ணாடி வந்துவிட்டதை உங்கள் போட்டோக்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

என் தம்பி மகள் இந்த வருஷம் பாண்டிச்சேரியில் நாடகப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "அத்தை, திங்கக்கிழமை எங்களுக்கு டெஸ்ட்டு. அப்ஸ்டேஜ், டவுன்ஸ்டேஜ், விங்ஸ், க்யூ, ப்ளாக்கிங், ப்ராப்ஸ்னு ஒரு பக்கம் முழுக்க வார்த்தையா குடுத்திருக்காங்க. ஒண்ணும் மண்டையில ஏறல. நீங்கதான் ஸ்கூல்ல வருஷா வருஷம் நாடகம் போட்டவங்களாச்சே, சொல்லிக் குடுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் போனில் பாடம் எடுத்தேன். ஓய்வு பெற்ற டீச்சரிடம் சந்தேகம் கேட்டால் இதுதான் கதி. எல்லாம் சொன்னேன். பட்டியலில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுத் தாண்டினேன். மேடை வலது, மேடை இடது. "நடிகர் பார்வையாளரைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலது கைப் பக்கம்தான் மேடை வலது. பார்க்கிறவங்க வலது இல்ல. எழுதிக்கோ" என்றேன்.

"ஏன் அத்தை குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்குக் காது கூர்மை.

"ஒண்ணுமில்ல, தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லி வைத்தேன். இந்தப் பதிவு அந்த ஒண்ணுமில்லையைப் பற்றித்தான்.

1988-ஆம் வருஷம். அப்போது நாம் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் 1995-இல் பிரிந்ததும், அரியலூர் 2007-இல் தனியாக வந்ததும் பிறகு. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை நான். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பள்ளி என்று படித்தவர்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு நாடகம் போடவேண்டும் என்றார்கள். ஆசிரியர் பயிற்சியில் நடிப்பு முறையில் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பட்டயச் சான்றிதழ் கையில் இருக்கிறது, நாடகம் என்ன பெரிய விஷயம் என்று ஒப்புக்கொண்டேன்.

அரிச்சந்திரன், மயான காண்டம். நம் பக்கம் வேறு எதை எடுத்தாலும் ஊர் உட்கார்ந்து பார்க்காது.

மேடை எது தெரியுமா? வகுப்பறை மேசைகளை நெருக்கிப் போட்டு, மேலே சாரப் பலகை அடுக்கி, ஓரத்தைக் கயிற்றால் கட்டியது. இரண்டரை அடி உயரம் இருக்கும். திரைக்கு ஆசிரியைகள் எல்லாரும் ஆளுக்கொரு புடவை கொடுத்தோம். என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எடுத்த நீலப் புடவை அதில் ஒன்று. திரும்பி வரும்போது கம்பி வளையம் கிழித்த ஓட்டையோடு வந்தது.

அரிச்சந்திரனாக நடித்தவன் எட்டாம் வகுப்புப் பையன். நல்ல குரல், நல்ல உயரம். மயானக் காவல்காரனாகக் கையில் தடியோடு நிற்கவேண்டும். சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவன் ஒதுங்கி வழிவிட்டு, பிறகு மறித்துக் கூலி கேட்கவேண்டும். மூன்று வாரம் ஒத்திகை. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "வலது பக்கம் போ" என்று கையைக் காட்டுவேன். என் வலது கை. எதிரே நிற்கிற அவனுக்கு அது இடது. அவன் என் வார்த்தையைக் கேட்கவில்லை, கையைப் பார்த்துப் பழகினான். சரியாகத்தான் போனான்.

விழா அன்று நான் எதிரே இல்லை. மேடைக்குப் பின்னால், திரை மறைவில், நோட்டோடு நின்று வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சந்திரமதி வருகிற நேரம். பையன் நட்ட நடுவில் மறந்து நின்றுவிட்டான். நான் பின்னாலிருந்து "வலது பக்கம், வலது பக்கம்" என்று கிசுகிசுத்தேன். மனசில் இருந்தது ஒத்திகையின் வலது. அவனுக்கோ என் கை தெரியவில்லை. சொல் மட்டும்தான் கேட்டது. தன் வலது பக்கம் திரும்பி வேகமாக நடந்தான். சந்திரமதி வந்துகொண்டிருந்தது அந்தப் பக்கம்தான். அந்தப் பெண் மேல் மோதாமல் இருக்கப் பின்னால் ஓர் எட்டு வைத்தான். அங்கே பலகை இல்லை.

மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம்.

மறுநாள் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்கள். "பையன் பதற்றத்துல ஓடிட்டான் சார், நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அது பொய் என்று தோன்றவும் இல்லை. நான் வலது என்றேன், அவன் தப்பான பக்கம் போனான், அவ்வளவுதான் என்று நிஜமாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் அப்பா வந்தார். பகலில் முந்திரிக் கொல்லையில் வேலை, திருவிழாக் காலத்தில் தெருக்கூத்தில் கட்டியங்காரன். வேஷக்காரர்களைச் சபைக்கு அறிமுகம் செய்து, நடுநடுவே கிண்டல் பேசி, ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்கிற வேஷம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் என் ஆயா மடியில் படுத்துக்கொண்டு நான் பார்த்த கூத்துகளில் அவரும் இருந்திருப்பார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, பதில்களை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

வராண்டாவில் நின்றபடியே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "டீச்சர், ஒரு சந்தேகமுங்க. வலது பக்கம்னு சொன்னீங்களாம். யாரு வலதுங்க?"

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது என் வாயில் பதில் இல்லை.

அவரே சொன்னார். "எங்க ஆட்டத்துல வலது இடது கெடையாதுங்க. களரிக்குப் போனதும் கிழக்கு எதுன்னு பாத்துக்குவோம். கிழக்கால நவுரு, மேற்கால வா, அவ்வளவுதான். ஆளு எப்படித் திரும்பி நின்னாலும் கிழக்கு கிழக்குதானுங்களே."

இதுதான் நாடகக் கல்வியில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். என் தம்பி மகளின் பட்டியலில் இருக்கும் மேடை வலதும் அந்தப் பெரியவர் சொன்ன கிழக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சொல்கிறவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து மாறாத ஒரு திசை வேண்டும். மேடைக்காரர்கள் நடிகரின் கையை வைத்து அதை முடிவு செய்தார்கள். ஆடுகிறவன் அவன், விழப்போகிறவனும் அவன். ஆகவே அவன் வலதுதான் வலது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டுகிறவர்தான் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேல்மேடை, கீழ்மேடை என்பதும் வெறும் பேச்சு இல்லை. ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் மேடைத் தளம் பின்பக்கம் உயர்ந்து, பார்வையாளர் பக்கம் சரிந்து இருக்குமாம், பின்னால் நிற்பவரும் தெரியவேண்டும் என்பதற்காக. பின்னால் போவது நிஜமாகவே மேலே ஏறுவது. தளம் சமமான பிறகும் பெயர் நின்றுவிட்டது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் மெல்லப் பின்னால் போய் நின்றுகொண்டால், பேசுகிறவர் அவரைப் பார்க்கத் திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டவேண்டி வரும். சொல்லிக் கொடுக்காமலே இந்த வித்தை தெரிந்த பெண் ஒருத்தி 1991 குரூப்பில் இருந்தாள். இதைப் படித்துவிட்டு இப்போது சிரித்துக்கொண்டிருப்பாள், நீதானம்மா.

அந்தப் பெரியவர் அன்றைக்குக் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடவில்லை. "அடுத்த வருசம் ஒத்திகைக்கு நான் வந்து நிக்கட்டுங்களா?" என்றார். பையன் கை ஒடிந்ததற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. "வாங்க ஐயா" என்றேன். பதினோரு வருஷம் வந்தார்.

அவர் செய்த முதல் வேலை, மேடை ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டது. "இதைத் தாண்டினா கெணறுன்னு நெனச்சுக்குங்கடா" என்றார். இன்றைக்குப் பெரிய அரங்குகளில் மேடை விளிம்பிலும் படிகளிலும் இருட்டில் ஒளிரும் நாடா ஒட்டுகிறார்கள் என்று தம்பி மகள் சொன்னாள். எங்கள் சுண்ணாம்புக் கோட்டின் பேரப்பிள்ளை அது.

அடுத்தது மைக். பள்ளிக்கூட நாடகம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு மைக். வசனம் வருகிறவன் நடந்து வந்து மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டுத் திரும்பிப் போய் வரிசையில் நிற்பான். ராமனும் ராவணனும் ஒரே மைக்குக்குக் காத்திருப்பார்கள். ப்ளாக்கிங் என்றால் யார் எப்போது எங்கே நகரவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானித்து வைப்பது. எங்கள் நாடகத்துக்கு அதைத் தீர்மானித்தது மைக் செட்டுக்காரர்தான். பெரியவர் மைக்கை எடுத்து மேடைக்கு முன்னால் தரையில் வைக்கச் சொன்னார். பிள்ளைகளை மைதானத்துக் கடைசியில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்துப் பேசச் சொன்னார். "மரத்தடியில ஒரு கெழவி ஒக்காந்திருக்கா. அவளுக்குக் காது மந்தம். அவளுக்குச் சொல்லு." கத்தக்கூடாது, ஆனால் கிழவிக்குக் கேட்கவேண்டும். தொண்டையை விட்டு வயிற்றிலிருந்து பேசுவதற்கு இதைவிட எளிய வழி நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. மைக்கே இல்லாத காலத்தில் கிட்டப்பா மாதிரியானவர்கள் உச்ச சுருதியில் பாடியது கடைசி வரிசைக்காரரும் காசு கொடுத்து வந்தவர் என்பதால்தான்.

வெளிச்சம். மேடைக்குப் பின்சுவரில் இரண்டு டியூப்லைட் கட்டுவோம். பிள்ளைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரிவார்கள். நாங்கள் அதற்குப் பவுடரை அப்புவோம். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "மொகத்துக்கு வெளிச்சம் வேணும் டீச்சர், மண்டைக்கு எதுக்கு?" என்றார். இரண்டு பெட்ரோமாக்ஸ் லைட்டை முன்பக்க மூலைகளில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டவைத்தார். அரிதாரம் என்கிற மஞ்சள் பூச்சு முகத்தில் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த விளக்கு வெளிச்சத்தில் அது தகதகவென்று இருக்கும். பகலில் பார்த்தால் காமாலை வந்தவர் மாதிரி இருக்கும். விளக்கு மாறினால் ஒப்பனையும் மாறவேண்டும்.

ரொம்ப நாள் கழித்து ஜெயங்கொண்டம் நூலகத்தில் சிலப்பதிகாரம் உரையோடு எடுத்துப் படித்தேன். அரங்கேற்று காதை. மாதவி ஆடிய மேடைக்கு அளவு கொடுத்திருக்கிறார் இளங்கோவடிகள். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேல் விதானத்துக்கு நாலு கோல். பெருவிரல் ஓர் அங்குலம் என்று வைத்தால் 14 அடிக்கு 16 அடி, 2 அடி உயரம். நம் மேசை மேடை அதைவிட அரையடி உயரம் அதிகம். அந்த அரையடி எங்களுக்கு ஆகவில்லை. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு வாயில். தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைத்தார்களாம். இதைப் படித்ததும் நூலகத்தில் தனியாகச் சிரித்துவிட்டேன். முந்திரிக் கொல்லைக்காரர் சொன்னது இங்கே எழுதியிருக்கிறதே என்று.

மூன்று விதத் திரையும் அதில் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இழுப்பது ஒருமுக எழினி. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, நம் புடவைத் திரை அந்த ஜாதி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. தம்பி மகளிடம் சொன்னபோது, "இதையும் டெஸ்ட்ல எழுதலாமா அத்தை?" என்றாள். எழுது என்றேன். மார்க்குக்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் நான்காவதாக ஒரு திரை இருக்கிறது. அதைக் கூத்துக்காரர்கள் கையில்தான் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால். முதலில் குரல் வரும். சலங்கை கேட்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். கட்டியங்காரன் "வர்றது யாரு?" என்று கேட்டு நம் ஆவலைக் கிளப்புவார். அத்தனைக்கும் பிறகுதான் திரை விலகி முகம் தெரியும். அதற்குள் களரியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்திருக்கும். நாங்களோ பாத்திரத்தை விங்ஸிலிருந்து, அதாவது பக்கத் தட்டி மறைவிலிருந்து, தள்ளிவிடுவோம். "டேய் உன் முறை வந்துடுச்சு, போ!" ராஜா தடுமாறி வந்து விழுவார்.

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் ராஜாக்கள் எல்லாம் கைத்திரைக்குப் பின்னால்தான் வந்தார்கள். திரையின் ஒரு முனையைப் பெரியவரே பிடிப்பார். ராஜாவாக வருகிற பையனுக்குத் தொடை நடுங்குவது யாருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் அவன் மூச்சு சீராகிறவரை அவர் திரையை இறக்கமாட்டார். மேளக்காரருக்குக் கண்ணைக் காட்டி இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்லுவார். க்யூ என்று தம்பி மகள் கேட்டாளே, அடுத்தவர் தொடங்குவதற்கான சைகை, அதை அவர் கண்ணால்தான் கொடுப்பார்.

அவரிடம் ஒருநாள் கேட்டேன், புத்தகம் இல்லாமல் இத்தனையும் எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று. "எல்லாரும் ஒரே மாதிரி நெனவு வச்சிருந்தா போதுங்க டீச்சர். தப்பா இருந்தாக்கூட ஒரே மாதிரி தப்பா இருக்கணும்" என்றார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்து, முருகன் வேறு ஊரிலிருந்து, ஆர்மோனியம் இன்னொரு ஊரிலிருந்து என்று தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். ஒத்திகையே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து விடியவிடிய ஆடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-லேயே போய்விட்டார். அவர் எழுதி வைத்த நாடகங்களும், யார் எங்கே நிற்பது, யார் எப்போது நுழைவது என்கிற பொது வழக்கமும் எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிந்திருப்பதால்தான் அது நடக்கிறது. அப்படி ஒரு பொது வார்த்தை எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் இருந்திருந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு தேவைப்பட்டிருக்காது.

மயான காண்டத்தை மறுபடி போட்டபோது, சிதைக்கு நிஜமாகவே கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். பெரியவர் கேட்கவே இல்லை. "நெருப்பைக் காட்டாதீங்க டீச்சர். நெருப்பைப் பாக்குற மொகத்தைக் காட்டுங்க" என்றார். சிதை இருக்கிற இடமாகச் சபைப் பக்கத்தையே வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். நவாப் ராஜமாணிக்கமும், பிறகு ஆர்.எஸ். மனோகரும் மேடையில் காட்டிய தந்திரக் காட்சிகளைப் பற்றி அப்பா கண் விரியச் சொல்லுவார். அதற்கெல்லாம் ஆளும் பணமும் பழக்கமும் வேண்டும். நமக்கு முகம் போதும். 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன அன்று, டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்த வைக்கோலைத்தான் நினைத்தேன். அடுத்த ஆண்டு விழாவிலிருந்து மேடையில் கற்பூரம்கூட ஏற்ற விடவில்லை. அப்போது பெரியவர் உயிரோடு இல்லை.

இப்போது சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் மேடைப் பாடம் நடத்தியது கொஞ்சம் அதைத் தள்ளிப்போடத்தான்.

1989 முதல் 1999 வரை, பதினோரு ஆண்டு விழா அழைப்பிதழ்களும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 'நாடகப் பயிற்சி' என்று ஒரு வரி. அதற்கு நேரே என் பெயர். என் பெயர் மட்டும். ஒன்றியத்தில் எங்கள் நாடகத்துக்குப் பரிசு கொடுத்தபோது மேடையேறி வாங்கியது நான். எனக்குத்தான் பொன்னாடை. அவர் கீழே, பிள்ளைகளின் வேஷத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். யாரை மேடையில் ஏற்றலாம், யாருக்கு நாற்காலி போடலாம் என்று அன்றைக்கு ஊரில் ஒரு கணக்கு இருந்தது. யாரும் என்னிடம் அவர் பெயரைப் போடாதே என்று சொல்லவில்லை. அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தது என் கை. போடலாமே என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை. ஒரு வருஷம் தோன்றியது, அதையும் மறைக்கவில்லை. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று விட்டேன். வராண்டாவில் நின்றபடி கேள்வி கேட்டவரை, அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் உள்ளே நாற்காலியில் உட்காருங்கள் என்று சொன்னேனா என்றும் யோசித்துப் பார்க்கிறேன். டீ வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. நாற்காலி ஞாபகம் இல்லை.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். அவன் மகளே கல்லூரிக்குப் போகிறாள். என் பதிவுகளுக்கு முதல் ஆளாக லைக் போடுகிறவர்களில் ஒருவன். இதை எழுதலாமா என்று கேட்க முந்தாநாள் போன் செய்தேன். "தம்பி, அன்னைக்கு நீ சரியாத்தான் போன. உன் வலது பக்கம்தான் போன. நான்தான் தப்பாச் சொன்னேன். கேட்டவங்ககிட்ட உன் மேல பழியைப் போட்டதும் நான்தான்" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல டீச்சர்" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா சொல்லுவாரு. டீச்சர் மேல தப்பில்லடா, அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலன்னு" என்றான்.

நான் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அப்பா பெயரை எழுதட்டுமா என்று மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். "பேரு வேணாம் டீச்சர். கட்டியங்காரர்னு சொன்னாலே நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும்" என்றான். அதனால் பெயர் இல்லை. படிக்கிற உங்களில் நிறையப் பேர் அவர் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று வசனம் பேசியவர்கள். உங்களுக்குத் தெரியும்.

ஓர் உதவி வேண்டும். என்னிடம் உள்ள நாடகப் போட்டோக்களில் எதிலும் அவர் இல்லை. பின்னால்தானே நின்றார். 1993 ஆண்டு விழாவில் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர் எடுத்த ஒரு படம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கைத்திரை பாதி இறங்கியிருக்கும். ராஜாவின் கிரீடமும் கண்ணும் தெரியும். திரையின் இடது முனையில், அதாவது உங்கள் இடது, மேடைக்கு வலது, துணியை மேலே பிடித்திருக்கும் ஒரு கையின் நான்கு விரல்கள் தெரியும். அது அவர் கை. அந்தப் படத்தின் பிரதியை அந்த வருஷம் நடித்த பிள்ளைகள் சிலர் வாங்கினீர்கள். யார் வீட்டிலாவது பழைய ஆல்பத்தில் இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவன் மகள் கேட்கிறாள்.